அரசாங்கமே வளர்த்த தொழிற்பயிர்: ரப்பர் எடுத்த பிறகு மிஞ்சுவது எங்கே போக வேண்டும்?

முளைவிதை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேளாண்மையில் முதுகலை படிக்கிறேன். கருத்தரங்குக்கு எனக்கு விழுந்திருக்கும் தலைப்பு குவாயூலே. ரப்பர் தரும் புதர்ச்செடி. வடக்கு மெக்சிகோவும் அதை ஒட்டிய டெக்சாஸ் பகுதியும் இதன் தாயகம், வறண்ட நிலத்தில் வளரும். பார்த்தீனியக் களைக்கும் இதற்கும் ஒரே பேரினம். இதன் பெயர் பார்த்தீனியம் அர்ஜென்டேட்டம்.

செடியைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. சட்டத்தைப் படிக்கும்போதுதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அமெரிக்காவில் இதற்கென்று 1978-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1984-ல் அதை விரித்து, ரப்பரோடு நிற்காமல் தொழிலுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் வேண்டிய எல்லா உள்நாட்டுப் பயிர்களையும் சேர்த்தார்கள். ஆராய்ச்சி, செய்முறைத் திட்டம், அதை நடத்தும் குழு என்று வரிசையாக வருவதற்கு நடுவே, கிடைக்கும் உபபொருட்களை அரசு அப்புறப்படுத்துவதற்கு என்றே ஓர் ஏற்பாடும் இருக்கிறது.

என் கேள்வி இரண்டு. அரசாங்கம் தன் பணத்தில் வளர்த்துத் தானே அறுத்த செடியின் சக்கையை விற்பதற்குக்கூட நாடாளுமன்றம் தனியாக அனுமதி தர வேண்டுமா? அடுத்தது, காய்ந்த குவாயூலேயில் ரப்பர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், பல சமயம் அதுகூட இல்லை. மிச்சம் ஒன்பது பங்கை யாராவது உருப்படியாகப் பயன்படுத்தியிருக்கிறார்களா?

"இதெல்லாம் நிர்வாகச் சமாச்சாரம், ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போ" என்கிறார் என் வழிகாட்டி. எனக்கு மனசு வரவில்லை.

---

பால்மரம்:

மனசு வராதது நல்லது தம்பி. அந்த ஒரு வரிக்குள்தான் குவாயூலேயின் பாதிக் கதை இருக்கிறது. ரப்பர் கலவைக் கூடத்திலேயே என் வேலைக்காலம் முழுதும் கழிந்தது, அதனால் சட்டத்தை விட்டுவிட்டுச் சரக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தச் செடியில் ரப்பர், ரப்பர் மரத்தில் இருப்பதுபோல் குழாயில் ஓடுவதில்லை. கீறினால் பால் வடியாது. தண்டிலும் வேரிலும் உள்ள பட்டையில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாக அடைபட்டிருக்கிறது. அதனால் செடியையே பிடுங்கியோ அறுத்தோ, நறுக்கி, செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய முறை இப்படி: நறுக்கிய செடியைத் தண்ணீரோடு சேர்த்து, கூழாங்கல் நிரப்பிய உருளைக்குள் போட்டு உருட்டுவார்கள். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னப் புழுக்கள்போல் திரளும். அதைத் தொட்டியில் விட்டால் ரப்பர் மிதக்கும், நீர் குடித்த சக்கை அடியில் தங்கும். மேலே மிதப்பதை வழித்து எடுத்துக்கொள்வார்கள்.

செடியில் ரப்பரோடு பிசினும் இருக்கிறது. இந்த முறையில் அது எங்கே போகும்? ரப்பரோடேயே வந்துவிடும். அந்தக் காலத்துக் குவாயூலே ரப்பருக்குக் கெட்ட பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் இதுதான். பிசின் கூடுதலாக இருக்கும் ரப்பரை இரட்டை உருளையில் போட்டுப் பிசைந்து பார், கலவை இளகி உருளையோடு அப்பிக்கொள்ளும், கத்தி வைத்துச் சுரண்டினாலும் முழுசாக வராது. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் ரப்பர் கெடுவதையும் வேகப்படுத்தும். அசிட்டோனில் கழுவிப் பிசினைத் தனியாக்கிவிட்டால் மிஞ்சும் ரப்பர் மரத்து ரப்பருக்கு நிகரானது. அதை நான் கையால் பிசைந்து பார்த்திருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

தனியாக்கிய பிசினையும் பார்த்திருக்கிறேன். கரும்பச்சை நிறம், டர்பன்டைன் கலந்த ஒரு காட்டு வாசனை. விரலில் பட்டால் சோப்புக்குப் போகாது, கரைப்பான்தான் வேண்டும். இது ஒரே பொருளும் இல்லை. டெர்பீன்கள், குவாயூலின் என்கிற எஸ்டர்கள், கொழுப்பு அமிலங்கள், ஆர்ஜென்டாட்டின்கள் எல்லாம் கலந்த சரக்கு. அளவிலும் ரப்பருக்குக் கிட்டத்தட்ட சமமாக வரும். ஒரு டன் காய்ந்த செடி போட்டால் நூறு கிலோவுக்கு உட்பட்ட ரப்பர், அதே அளவை ஒட்டிய பிசின், மற்றதெல்லாம் சக்கை. பறிக்கும்போது உதிரும் இலைகூடச் சும்மா இல்லை, கெட்டியான மெழுகு அதில் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பார். நட்டு, இரண்டு மூன்று வருஷம் நிலத்தில் வைத்து, அறுத்து, ஆலைக்குச் சுமந்து வந்த செலவு மொத்தத்தையும் அந்தப் பத்தில் ஒரு பங்கு ரப்பரின் தலையிலேயே சுமத்தினால் அது எப்படி மரத்து ரப்பரோடு போட்டி போடும்? பிசினுக்கும் சக்கைக்கும் விலை கிடைத்தால்தான் ரப்பருக்கு மூச்சு வரும். உபபொருள் என்று சொல்கிறோமே தவிர, இந்தப் பயிர் பிழைப்பதும் சாவதும் அதில்தான்.

போர்க்கால வரலாறு உனக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 தொடக்கத்தில் மலேயாவும் டச்சு கிழக்கிந்தியாவும் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் 90 சதவீதத்துக்கும் மேல் நின்றுவிட்டது. அந்த மார்ச்சிலேயே சட்டம் போட்டு, கலிபோர்னியாவின் சாலினாஸில் இருந்த இன்டர்கான்டினென்டல் ரப்பர் கம்பெனியின் சொத்தை, விதை முதற்கொண்டு வாங்கினார்கள். (இந்தச் செடியை வளர்க்கச் சொல்லி 1930-லேயே அறிக்கை கொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான, அப்போது மேஜராக இருந்த ஐசனோவர். அது அலமாரியில் தூங்கியது.) வனத்துறை பொறுப்பில் சுமார் 32,000 ஏக்கர் நட்டார்கள். செடி முற்றுவதற்குள் செயற்கை ரப்பர் வந்துவிட்டது, போர் முடிந்தது, குத்தகைக்குக் கொடுத்தவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பெரும்பாலான வயல்களைச் செடியோடு அழித்துவிட்டார்கள். ரப்பர் உள்ளே இருக்க இருக்கவே உழுதும் எரித்தும் தீர்த்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது.

சட்டக் கேள்விக்கு ஏட்டுச்சுவடி ஐயா வந்தால் நல்லது.

---

ஏட்டுச்சுவடி:

கூப்பிட்டதற்கு நன்றி. முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆமாம், அனுமதி வேண்டும்.

அமெரிக்க அரசமைப்பின் 4-ஆம் உறுப்பு, கூட்டாட்சி அரசின் சொத்தை விற்கும், கொடுத்துவிடும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் வைத்திருக்கிறது. ஒரு துறை, தன் கிடங்கில் கிடக்கிறது என்பதற்காக எதையும் தன்னிஷ்டத்துக்கு விற்கவோ தானம் கொடுக்கவோ முடியாது. சட்டம் எங்காவது வழி விட்டிருக்க வேண்டும். கப்பலானாலும் சரி, சக்கை மூட்டையானாலும் சரி.

பொதுவான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1949-ன் கூட்டாட்சிச் சொத்துச் சட்டத்திலிருந்து வளர்ந்த விதிகள். தனக்கு வேண்டாத பொருளை ஒரு துறை முதலில் மற்றத் துறைகளுக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்கும் வேண்டாமென்றால் மாநிலங்கள் வழியாகத் தகுதியுள்ள அமைப்புகளுக்குத் தானமாகப் போகலாம். அதுவும் இல்லையென்றால் பொது விற்பனை. கடைசிப் படி, கைவிடுவது அல்லது அழிப்பது. வணிக மதிப்பு இல்லை, அல்லது வைத்துக் காப்பாற்றும் செலவு விற்றால் வரும் பணத்தைவிட அதிகம் என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டால் அந்தக் கடைசிப் படிக்குப் போகலாம்.

தம்பி இந்தக் கடைசிப் படியைத்தான் கவனிக்க வேண்டும். பழைய நாற்காலிக்கு இந்த வரிசை பொருந்தும், ஏனென்றால் நாற்காலிக்குச் சந்தை உண்டா இல்லையா என்று இன்றைக்கே தெரியும். புதுப் பயிரின் பிசினுக்கு இன்று வாங்குபவன் கிடையாது, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதே ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு அதிகாரி உட்கார்ந்து எழுதினால் "வணிக மதிப்பு இல்லை" என்றுதான் எழுத முடியும். அவர் எழுதுவது பொய்யும் அல்ல. ஆனால் அப்படி எழுதிய கையோடு பீப்பாய் குப்பைக்குப் போய்விடும், அதற்கு மதிப்பு உண்டாக்கியிருக்கக்கூடிய ஆளின் கைக்குப் போய்ச் சேராது.

அதனால்தான் பயிருக்கென்று எழுதும் சட்டத்தில் உபபொருளுக்குத் தனி வழி தேவைப்படுகிறது. விற்பதற்கு மட்டுமல்ல, மாதிரியாகக் கொடுக்க, சோதனைக்கு அனுப்ப, ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொள்ள.

இன்னொரு முடிச்சு பணம். 1849-லிருந்தே அங்கே ஒரு விதி உண்டு: அரசுக்காக ஒரு அதிகாரி வாங்கும் காசு எதுவானாலும், வேறு சட்டம் விலக்கு தராதவரை, கருவூலத்துக்குப் போயாக வேண்டும். நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தைத் துறைகள் தாங்களே சம்பாதித்துச் செலவழித்துவிடக் கூடாது என்பது நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் ஆராய்ச்சி நிலையத்தின் பக்கம் நின்று பாருங்கள். பிசினைப் பீப்பாயில் அடைத்து, சோதித்து, விலை பேசி, அனுப்பி வைக்கும் செலவு முழுக்க அவர்கள் தலையில். வரும் பணம் பொதுக் கருவூலத்துக்கு. அவர்கள் எதற்காக மெனக்கெட வேண்டும்? உபபொருள் விற்ற பணம் அதே திட்டத்துக்குத் திரும்புமா என்று எந்தச் சட்டத்தைப் படித்தாலும் முதலில் தேடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

---

தவிட்டுமூட்டை:

நான் தீவனத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் "சீக்கிரம் கையை விட்டுக் கொடுத்துவிடு" என்கிற முடிவுக்கு யாரும் அவசரமாக வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆமணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் உயவுப் பொருளுக்கும் நைலானுக்கும் போகிறது, சுத்தமான தொழிற்பயிர். ஆனால் ரிசின் என்கிற நஞ்சு புரதம், எண்ணெயில் கரையாது. பிழிந்தபின் அத்தனையும் புண்ணாக்கில் நிற்கும். சரியாக வேகவைத்தால் ரிசின் செயலிழக்கும், ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்கள் அவ்வளவு சுலபத்தில் போகாது. மூட்டையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வெந்ததும் வேகாததும் ஒரே நிறம்.

ஹோஹோபா என்கிற பாலைநிலப் புதர் இன்னொன்று. 1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயின் இறக்குமதியைத் தடுத்ததும் அதற்கு மாற்றாக இந்த விதை மெழுகுக்கு மவுசு வந்தது. பிழிந்த பிண்ணாக்கில் புரதம் நிறைய, கேட்டால் எந்தத் தீவன ஆலைக்கும் ஆசை வரும். ஆனால் அதில் சிம்மண்ட்சின் என்கிற பொருள் இருக்கிறது, தின்ற விலங்குக்குப் பசியே எடுக்காது, எடை குறையும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலுள்ள காசிப்பால் என்கிற நஞ்சு வேறு விதம்: அசைபோடும் மாட்டுக்கு ஓரளவு தாங்கும், கோழிக்கும் பன்றிக்கும் ஆகாது.

அரசு கையில் இருக்கும் சரக்கென்றால் வாங்குபவர் கேள்வி கேட்காமல் நம்புவார், அதுதான் எனக்குப் பயம். ஏலத்தில் "இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்" என்று ஒரு வரி போட்டுத் தள்ளிவிட்டால், அடுத்த கை மாறும்போது அந்த வரி கூடப் போகாது. எதை எடுத்தார்கள், எந்த முறையில் எடுத்தார்கள், எந்தக் கரைப்பான் மிஞ்சியிருக்கலாம், எந்த விலங்குக்குக் கூடாது என்கிற தாள் மூட்டையோடு போக வேண்டும். விற்றாலும் சரி, இலவசமாகக் கொடுத்தாலும் சரி.

---

முளைவிதை:

மூவருக்கும் ரொம்ப நன்றி. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன "வணிக மதிப்பு இல்லை" என்கிற பதிவைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்படியானால் ஒரு மிச்சப் பொருளுக்கு மதிப்பு எப்படித்தான் உண்டாகிறது? அரசு அதில் ஏதாவது செய்து வெற்றி கண்ட உதாரணம் உண்டா? பால்மரம் ஐயா, பிசினை யாராவது எதற்காவது பயன்படுத்தினார்களா என்றும் சொல்லுங்கள்.

---

பால்மரம்:

உண்டு தம்பி, அழகான உதாரணமே உண்டு.

1938-ல் அமெரிக்க வேளாண் சட்டம் நான்கு வட்டார ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வழி செய்தது. பண்ணையில் மிஞ்சுவதற்குத் தொழிலில் புதுப் பயன் கண்டுபிடிப்பது அவற்றின் முக்கிய வேலை. இலினாய் மாநிலத்தின் பியோரியாவில் ஒன்று, மக்காச்சோள வட்டாரம். மாவுச்சத்து எடுப்பதற்கு முன் மக்காச்சோளத்தை ஊறவைப்பார்கள். ஊறிய நீரைச் சுண்டவைத்தால் பழுப்பாக ஒரு கெட்டித் திரவம் வரும், அதற்கு அப்போது பெரிய கிராக்கி கிடையாது. என்ன சோதனை நடந்தாலும் இதை ஊற்றிப் பார்ப்பது அந்தக் கூடத்தில் வழக்கமாக இருந்தது. 1941-ல் இங்கிலாந்திலிருந்து ஃப்ளோரி, ஹீட்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பெனிசிலின் பூஞ்சையோடு அங்கே வந்தார்கள். அந்தக் கூடத்தின் ஆன்ட்ரூ மோயர் வளர்ப்பு ஊடகத்தில் இந்த நீரைச் சேர்த்ததும் விளைச்சல் பல மடங்கு கூடியது. பெனிசிலினை ஆலையில் செய்ய முடியும் என்கிற நம்பிக்கைக்கு அது பெரிய முட்டுக் கொடுத்தது. அந்த நீரை ஏலம் விட்டிருந்தால் இது நடந்திருக்காது. பொருளும் அதைச் சோதிக்கும் ஆளும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் நடந்தது.

தனியார் பக்கமும் ஒன்று சொல்கிறேன். 1922-ல் க்வேக்கர் ஓட்ஸ் கம்பெனி ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃப்யூரால் என்கிற கரைப்பானை எடுக்க ஆரம்பித்தது. உமி மலையாய்க் குவிந்ததுதான் காரணம். போரில் செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீனைப் பிரித்தெடுக்க அந்த ஃபர்ஃப்யூரால் கை கொடுத்தது. ஒரு பயிரின் உமி, குவாயூலேயை வயலிலேயே எரிக்கும் நிலைக்குத் தள்ளிய செயற்கை ரப்பருக்கு உதவியிருக்கிறது. உன் கருத்தரங்கில் இதைக் கட்டாயம் சொல்.

குவாயூலே பிசினுக்கு வருகிறேன். மரத்தில் ஏற்றினால் கரையானும் பூஞ்சையும் அண்டுவதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தண்ணீரில் அரைத்துப் பாலாகவே ரப்பரை எடுக்கும் முறையில் பிசின் சக்கையிலேயே தங்கிவிடும். அந்தச் சக்கையை அழுத்திப் பலகை செய்தபோது, தனி மருந்து எதுவும் சேர்க்காமலே கரையானுக்குத் தாக்குப்பிடித்தது. பிசின் உள்ள சக்கை நன்றாக எரியும் என்பதால் ஆலைக் கொதிகலனுக்கே போட்டுவிடலாம் என்கிற எண்ணம் எல்லாருக்கும் முதலில் வரும். அவசரத்துக்குச் சரி. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் மேலே சொன்ன எதுவும் வளராது. எரிபொருளாக அதற்கு எப்போதும் கடைசி விலைதான்.

தவிட்டுமூட்டை சொன்னதை நான் முழுசாக ஏற்கிறேன். என் எண்ணம் இதுதான்: தொடக்க ஆண்டுகளில் அரசு இந்தச் சரக்கை டன் கணக்கில் விற்க முயலவே கூடாது. கிலோ கணக்கில், தாளோடு, கேட்பவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும். பெயின்ட்காரர், மரப்பலகைக்காரர், பூச்சி ஆய்வாளர் என்று யாராயிருந்தாலும் சரி. வாங்கியவர் என்ன செய்தார் என்கிற தகவலைத் திருப்பிக் கேட்க வேண்டும், அதுதான் அந்தக் கட்டத்தில் விலை. சந்தை முளைத்த பிறகு ஒப்பந்தம், ஏலம் எல்லாம் வரட்டும், அப்போது வரும் பணம் திட்டத்துக்கே திரும்பட்டும்.

---

ஏட்டுச்சுவடி:

இதற்கு ஒரு சின்ன எச்சரிக்கை. கேட்பவருக்கெல்லாம் கொடுப்பது என்று ஆரம்பித்தால், கேட்கத் தெரிந்த பெரிய கம்பெனிகள் மட்டுமே வாங்கிக்கொண்டு போகும். மாதிரி இருக்கிறது என்கிற அறிவிப்பைப் பொதுவில் வைப்பதும், யாருக்கு எவ்வளவு போனது என்று வெளியிடுவதும் சட்டத்திலேயே இருந்தால் நல்லது. பொதுப் பணத்தில் வளர்ந்த செடி அது.

---

பால்மரம்:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அதுவும் சேர வேண்டும்.

தம்பிக்கு இன்னும் ஒன்று. போர்க்காலத் திட்டத்தில் செடிக்கு நேர்ந்ததைப் பார்த்தோம். விதைக்கு நேர்ந்ததையும் எழுது. வயலோடு போனவற்றில் எவ்வளவோ வகைகள் சேர்ந்தே போய்விட்டன. இருபதுக்குச் சற்று மேற்பட்ட வகைகளின் விதை மட்டும் அரசு விதைச் சேமிப்பில் தப்பியது. 1970-களில் எண்ணெய் விலை ஏறிச் செயற்கை ரப்பர் விலையும் ஏறியபோது ஆராய்ச்சியை மறுபடி தொடங்கியவர்கள் பெரும்பாலும் அந்த விதையிலிருந்துதான் தொடங்கினார்கள். பிற்பாடு அரிசோனாவில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி பண்ணையும் ஆய்வு மையமும் அமைத்ததற்கும், 2022-ல் இண்டிகார் என்கிற அமெரிக்கக் கார் பந்தயத்தின் டயர் பக்கச்சுவரில் குவாயூலே ரப்பர் ஏறியதற்கும் பின்னால் அந்த விதை இருக்கிறது.

கருத்தரங்குக்குப் பொருள்கணக்கு ஒன்று போட்டுக் காட்டு: ஒரு டன் காய்ந்த செடியில் ரப்பர், பிசின், சக்கை, இலை, விதை ஒவ்வொன்றும் எவ்வளவு, இன்று எங்கே போகிறது, போக வழி இல்லாவிட்டால் எந்த விதி தடுக்கிறது. "மற்றவை" என்று ஒரு வரியில் எதையும் அடைக்காதே. பிசின் மாதிரி கேட்டு எழுதுவதாக இருந்தால், அசிட்டோனில் பிரித்ததா, தண்ணீர் முறையில் பால் எடுத்தபின் சக்கையிலிருந்து பிரித்ததா என்று முதலிலேயே கேட்டுவிடு. இரண்டும் வேறு வேறு சரக்கு, ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதற்குப் பொருந்தாது.